பி தாளில் ஒண்ணு மேல

டிபன் பாக்ஸைத் திறந்தால் சாப்பிட வேண்டியிருக்கும் என்று திறக்காமல் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு நாற்பத்திரண்டு. எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரம் எப்போதும் மூன்று நிமிடம் முந்தி ஓடும், ஆகவே பன்னிரண்டு முப்பத்தொன்பது. ஒன்றேகாலுக்குச் சீட்டில் உட்கார வேண்டும். இரண்டு மணிக்கு ஃபைல் அமெரிக்காவுக்குப் போய்விடும். காலை பத்து இருபதிலிருந்து எனக்கு விரல்நுனியெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது, ஏசி என்று சொல்லிக்கொண்டேன், சாப்பாட்டு அறையில் ஏசி கிடையாது, மின்விசிறிதான், அதுவும் ஒரு றெக்கை வளைந்தது. எதிரே வளர்மதி தயிர் சாதத்தைக் கிண்டிக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் வாய் அசைகிறது, எனக்குள் ஒன்றும் இறங்கவில்லை. ஒண்ணு மேல, ஒண்ணு மேல, ஒண்ணு மேல என்று மண்டைக்குள் என் குரலே ஓடுகிறது. நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அதுவும் எப்படி, தலையைக்கூடத் திருப்பாமல், பதினோரு வருஷ சர்வீஸ்காரி என்கிற மிதப்பில். மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்று அம்மா சொல்வாள். பானையில் நான் விழுந்தால் போகட்டும். எங்கேயோ ஒரு அம்மாவையல்லவா தள்ளிவிட்டிருக்கிறேன்.

நிதானமாக யோசி பிலோமினா, நிதானமாக. நடந்தது என்ன? திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரர்கள் போட்ட டிக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அவ்வளவுதான். அங்கே ஒரு கட்சி அதிபர் தேர்தலில் யாரை நிறுத்துவது என்பதற்கே முதலில் தங்களுக்குள் ஒரு தேர்தல் வைத்துக்கொள்கிறது. ஐந்து பேர் நிற்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு கம்பெனி ஆயிரத்து ஐந்நூறு பேரிடம் உங்கள் ஓட்டு யாருக்கு என்று கேட்கிறது. ஆயிரம் பேர் போனில். ஐந்நூறு பேர் வயதானவர்கள், போனை எடுக்காதவர்கள், அவர்களுக்குத் தபாலில் தாள் போகும், டிக் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஐந்நூறும் எனக்கும் வளர்மதிக்கும். முழுத் தாளும் வராது. வேகமாக முடியட்டும் என்று ஐந்து கட்டம் இருக்கிற பட்டையை மட்டும் வெட்டித் திரையில் காட்டுவார்கள். பெயர் தெரியாது, எந்தக் கட்டத்தில் டிக் என்பதுதான் தெரியும், மூலையில் கடுகளவு ஏ என்றோ பி என்றோ ஒரு எழுத்து. முதல் பெயருக்குச் சும்மாவே நாலு டிக் அதிகம் விழும் என்பதால் பாதித் தாளில் பெயர்களைத் தலைகீழாக அச்சடிக்கிறார்கள், அதுதான் பி. ஏ தாளில் மேலே இருப்பவர் ஒன்று. பி தாளில் மேலே இருப்பவர் ஐந்து. இது குறிப்புப் புத்தகத்தில் ஏழாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. நான் ஆறு பக்கம் படித்தேன். ஆறாம் பக்கம் முடிக்கும்போது யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய வேலை சோப்பு சர்வே, அதில் தலைகீழ்த் தாளை மிஷினே திருப்பிக்கொள்ளும், மேல் கட்டம் எப்போதும் ஒன்றுதான். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. கேக்கில் என் பங்கு இரண்டு துண்டு.

தப்பு நடக்காமலிருக்கத்தான் இரட்டைப் பதிவு. ஒரே தாளை நானும் ஏற்றுவேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் வளர்மதியும் ஏற்றுவாள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விழும். ஒருவர் கண் தவறினால் இன்னொருவர் கண் பிடிக்கும், அதற்காக இரண்டு சம்பளம். பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. ஆனால் மூன்றாம் மாடியில் எல்லா ஜோடிகளும் ஒரு காரியம் செய்வோம், வேலை தொடங்கும்போது தடுப்பைத் தாண்டிக் குரல் கொடுத்துச் சாவி கேட்டுக்கொள்வோம். சாவி என்றால் எந்தக் கட்டத்துக்கு எந்த எண் என்பது. காலையில் ஒரு தடவை, சாப்பாடு முடிந்து ஒரு தடவை. 'ஏ?' என்பாள் வளர்மதி. 'ஒண்ணு மேல' என்பேன். சிவப்பு விழுந்தால் இருவர் கணக்கிலும் குறை எழுதுவார்கள், அதனால் வந்த பழக்கம் இது. மூன்று வாரத்துக்கு முன்னால், எங்களுக்கு இந்த வேலை வந்த முதல் சுற்றின் முதல் நாள், 'பி-க்கும் ஒண்ணுதானேக்கா மேல?' என்று கேட்டாள். 'ஒண்ணு மேல' என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இருநூற்றைம்பது பி தாளில் ஒன்று ஐந்தாயிற்று, ஐந்து ஒன்றாயிற்று, இரண்டும் நாலும் இடம் மாறின. இருவரும் ஒரே மாதிரி தப்பு செய்தோம், ஆகவே தப்பே இல்லை. ஒரு சிவப்புகூட விழவில்லை. 'ஜீரோ மிஸ்மாட்ச்' என்று சூப்பர்வைசர் ரஷீத் சார் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார், சான்றிதழ் கொடுத்தார், அது இதோ இந்தச் சாப்பாட்டு அறைச் சுவரில்தான், கடிகாரத்துக்குக் கீழே. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நேரம் பார்க்கும்போதெல்லாம் என் பல்லையே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சுற்றில்தான் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தார்கள், ஏன் அவருக்குப் போடுகிறீர்கள் என்று. கையால் எழுதிய பதில்கள் தனியாக வரும், படித்துத் தட்ட வேண்டும். காலை பத்து இருபதுக்கு ஒரு பாட்டியம்மாள் எழுதியது வந்தது. நடுக்கமான எழுத்து. வின்ஸ்லோ எங்கள் கவர்னராக இருந்தபோது வெள்ளம் வந்தது, சர்ச் ஹாலில் நின்று சூப் ஊற்றினார், எனக்கும் ஊற்றினார், அவருக்குத்தான் என் ஓட்டு. படித்ததும் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன், நம் ஊர் மாதிரிதான் என்று. ஒரு வார்த்தை புரியாமல் தாள் எண்ணைப் போட்டுத் தேடினேன். நேற்று நானே ஏற்றிய டிக் வந்தது. பி. ஐந்து. ஒன்று என்றால் வின்ஸ்லோ அம்மா, ஐந்து என்றால் கிராட்டன். கிராட்டன் என்றால் போன மாதம் வரை நூற்றுக்கு நாலு பேர் ஆதரித்த ஆசாமி. எழுத்து வின்ஸ்லோ என்கிறது, டிக் கிராட்டன் என்கிறது. பாட்டிக்குத்தான் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். கர்த்தாவே, முதலில் அப்படித்தான் நினைத்தேன், அந்தப் பாட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு இன்னொரு தாள். இன்னொன்று. பிறகு ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். பி தாளில் மேலே ஐந்து என்று அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது.

"என்னக்கா, டப்பாவ வச்சிக்கிட்டு ஜெபமா பண்றீங்க? தொறங்க. லெமன் சாதமா?" வளர்மதி. "பசிக்கல வளரு. காலையில லேட்டாத்தான் சாப்ட்டேன்." பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது. "வெள்ளிக்கிழம பெர்மனென்ட் லெட்டர் குடுத்துருவாங்களாம்க்கா. ரஷீத் சார் சொன்னாரு. ஜீரோ மிஸ்மாட்ச்னால என் பேரத்தான் மொதல்ல எழுதுனாராம்." "ம்." "என்னக்கா ம்-ங்கிறீங்க? ரெண்டரை வருசமா டெம்ப்ரவரிக்கா நான். எங்க மாமியாருக்கு இன்னும் நான் எங்கயோ கடையில துணி மடிக்கிறதா நெனப்பு." சிரிக்கிறாள். தயிர் சாதம் குறையவே இல்லை, கிண்டிக் கிண்டிக் குழைத்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வரவில்லை. நான் வாயைத் திறந்தால் அவள் வெள்ளிக்கிழமை போய்விடும். ஏனென்றால் விதியை மீறிச் சாவி கேட்டது அவள். சொன்னது நான்தான், ஆனால் நான் பெர்மனென்ட், என்னை எச்சரித்து வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள், ஒருவேளை வீட்டுக்கும் அனுப்புவார்கள், யார் கண்டது. அவளை மறுநாள் அடையாள அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். டெம்ப்ரவரிக்கு விசாரணை கிடையாது. என்னை நம்பித்தான் கேட்டாள். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று கேட்டாள். பன்னிரண்டு நாற்பத்தெட்டு. என் பல்.

நான் ஒன்றும் உலகத்தைக் கவிழ்த்துவிடவில்லை. ஆயிரத்து ஐந்நூறில் இருநூற்றைம்பது, ஆறில் ஒரு பங்கு. ஆனால் வயதானவர்கள் எல்லாம் வின்ஸ்லோ பக்கம், நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர், கிராட்டனுக்கு இரண்டே பேர். அதைத் தலைகீழாக்கினால் மொத்தத்தில் வின்ஸ்லோ முப்பத்தொன்றிலிருந்து இருபத்துநாலு. கிராட்டன் நாலிலிருந்து பதினொன்று. பத்தைத் தாண்டினால்தான் டிவி விவாத மேடையில் நிற்க இடம். நின்றான். நீலக் கோட்டும் புதுச் சிரிப்புமாக அந்த ஆள் மேடையில் நின்றதை நானே போனில் பார்த்தேன். ஏதோ நாம் ஏற்றிய நம்பர் என்று பெருமையாக என் மகளுக்குக்கூடக் காட்டினேன். வின்ஸ்லோ சரிகிறார் என்று செய்தி. ஏன் சரிகிறார் என்று ஐந்து பேர் மேஜை போட்டு உட்கார்ந்து விளக்கம் சொன்னார்கள். வயதாகிவிட்டது என்றார் ஒருவர். போன மாதப் பேச்சு சரியில்லை என்றார் இன்னொருவர். கண்ணாடியில் கட்டியிருக்கிற அந்தச் சங்கிலி பழைய காலத்து டீச்சர் மாதிரி இருக்கிறது என்றும் ஒருத்தி சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தருக்கும் தெரியாது, கேக் சாப்பிடப் போன ஒரு பொம்பளைதான் காரணம் என்று. வின்ஸ்லோ அம்மா அதற்கு மறுநாள் பேட்டியில், 'எங்கே தவறு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்றார். அப்போது எனக்கு அது ஒரு சாதாரண வாக்கியம்தான். இப்போது இல்லை. நீ ஒரு தவறும் செய்யலம்மா.

இந்த மூஞ்சியை எனக்குத் தெரியும். எங்கே தவறு செய்தேன் என்று யோசிக்கிற மூஞ்சி. என் அம்மா செசிலி ஒரு தடவை வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றாள், சின்னம் தையல் மிஷின். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவள், சாக்கடைக்காக மாநகராட்சி வாசலில் போய் மூன்று நாள் உட்கார்ந்தவள், ஜெயித்துவிடுவாள் என்றுதான் எதிராளிகளே பேசிக்கொண்டார்கள். ஓட்டுப் போடுகிற அன்று மதியம், இதே நேரம் இருக்கும், செசிலி விலகிட்டாங்களாம், ஆதரவு வேற ஆளுக்காம் என்று ஒரு ஆட்டோவில் போகிற போக்கில் யாரோ சொல்லிவிட்டுப் போனான். ஒரே ஆட்டோ. மூன்று தெரு. நான் பூத்துக்கு வெளியே ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தேன், என்னிடமே ஒரு அம்மாள் வந்து 'விலகிட்டாங்களாமே, முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல' என்று கோபித்துக்கொண்டு போனாள். விழுகிற சுவரில் யார் சாய்வார்கள்? சாயங்காலம் வரை நான் தெருத் தெருவாக ஓடி விலகல, விலகல என்று கத்தினேன், கத்தக் கத்த விலகிவிட்டாள் என்பதுதான் பரவிற்று. அறுபத்துநாலு ஓட்டில் தோற்றாள். அதன் பிறகு ரொம்ப நாள் மிஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, 'எங்கடி தப்பு பண்ணேன்' என்பாள். அந்த ஆட்டோக்காரனை நான் எத்தனை தடவை சபித்திருக்கிறேன். அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று மாதா கோயிலில் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன். யாரிடமோ கேட்டதைத்தான் அவனும் சொல்லியிருப்பான், ஒரு நிமிஷம் நிறுத்தி விசாரித்திருக்க மாட்டான், அவன் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிருப்பான் என்று இன்றைக்குத்தான் தோன்றுகிறது. என் கை சில்லிட்டிருக்கிறது. மடக்கி மடக்கிப் பார்க்கிறேன், விரல் வருகிறது.

ஒரு வழி இருக்கிறது. இருக்கிறதா? இருக்கிறது. இந்தச் சுற்று இன்னும் போகவில்லை. எங்கள் பதிவை நாங்களே திருத்தலாம், இரண்டு மணி வரை பூட்டு விழாது. பி தாளை எல்லாம் திருப்பிவிட்டால் வின்ஸ்லோ மறுபடி முப்பத்தொன்றில் போய் நிற்பார். வின்ஸ்லோ எழுந்தார் என்று செய்தி வரும். அந்த ஐந்து பேரும் ஏன் எழுந்தார் என்று விளக்கம் சொல்வார்கள். போன சுற்று போனதுதான், யாரும் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு அவருடையது கிடைத்துவிடும், வளர்மதிக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும், எனக்குப் பசி வந்துவிடும். வளர்மதியிடம் மட்டும், சாவி இந்தச் சுற்றில் மாறியிருக்கு வளரு, நான் கவனிக்கல என்று மெல்லச் சொல்லிவிட்டால் போதும். அதில் யாருக்கு நஷ்டம்? "நான் முன்னாடி போறேன், ஒரு மெயில் பாக்கணும்" என்று எழுந்தேன். "இருங்கக்கா, நானும் வர்றேன்" என்றாள். "சாப்டு நீ." அவள் ஏன் அப்படிப் பார்த்தாள்? என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? ஒன்றுமில்லை, சளிப் பார்வை. திங்கள்கிழமையிலிருந்து அவளுக்குச் சளி, பி கேட்கும்போது குரலே எழும்புவதில்லை. நடைபாதையில் ரஷீத் சார் எதிரே வந்தார், முப்பது வயதுப் பையன், என்னை எப்போதும் மேடம் என்பவர். "சாப்டீங்களா மேடம்?" "ஆச்சு சார்." இதோ, இன்றைக்கு மூன்றாவது பொய்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கூடத்தில் யாரும் இல்லை, திரைகள் மட்டும் எரிகின்றன. எங்கள் ஜோடியின் கூட்டலை ஏ தனியாக, பி தனியாகப் பிரித்துக் கேட்டேன். இப்படிப் பிரித்துக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது, போன சுற்றில் யாராவது கேட்டிருந்தால் முகத்தில் அறைந்திருக்கும், யாரும் கேட்கவில்லை, பூஜ்யம் சிவப்பு என்றதும் எல்லோரும் கைதட்டிவிட்டோம். பி-யை மனசுக்குள் திருப்பிப் படித்தேன். வின்ஸ்லோ நூற்றுக்கு இருபத்தாறு. கிராட்டன் பதினாறு. தப்பாகத் திருப்பிவிட்டேன் போல என்று மறுபடி திருப்பினேன். வின்ஸ்லோ இருபத்தாறுதான். நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு. அப்படியானால் பி-யில் வேறு ஏதோ கோளாறு என்று ஏ-யைப் பார்த்தேன். ஏ-யில் நான் தப்பே செய்யவில்லை, போன சுற்றிலும் இல்லை, இந்தச் சுற்றிலும் இல்லை, அங்கே ஒன்று என்றால் ஒன்று. ஏ-யில் வின்ஸ்லோ இருபத்தேழு. கிராட்டன் பதினைந்து. திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். நிஜமாகவே விழுந்திருக்கிறார். நான் சொன்னேன் என்று விழுந்திருக்கிறார். சரிகிறார் என்று நான் பொய் சொன்னபோது சரியவில்லை, சொன்ன பிறகு சரிந்துவிட்டார். கையெழுத்துப் பதில்களைத் திறந்தேன். திறக்கக் கூடாதென்று இருந்தேன், கை திறந்துவிட்டது. வயது எண்பத்திரண்டு என்று போட்டிருந்த ஒருவர், கிராட்டனுக்கு டிக் அடித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார். எனக்கு வின்ஸ்லோவைத்தான் பிடிக்கும். ஆனால் அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொல்கிறார்கள். இன்னொரு தேர்தலை நான் பார்ப்பேனோ மாட்டேனோ, தோற்கிறவருக்குப் போட்டு வீணாக்க மனமில்லை. இந்த மனிதர் யாரென்று எனக்கு அவ்வளவாகத் தெரியாது, நல்லவராக இருப்பார் என்று நம்புகிறேன். அவ்வளவுதான் பதில். அதைத் தட்டி, காரணம் என்கிற இடத்தில் ஒரு எண் போட வேண்டும். ஜெயிக்கிற வாய்ப்பு என்பதற்கு எண் பதினாலு. போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆக, நான் தப்பித்தேன். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. பி-யைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் இரண்டு புள்ளி வித்தியாசம், அதைச் சளி இருமல் மாதிரி ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த சுற்றில் எந்தக் கம்பெனி எண்ணினாலும் வின்ஸ்லோ இருபத்துநாலிலோ இருபத்திரண்டிலோதான் இருப்பார், எங்கள் நம்பர்தான் முதலில் சரியாகச் சொன்னது என்று இன்னொரு சான்றிதழ்கூட வரலாம். உண்மை வந்து என் பொய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் சொன்னால்தான் அது பொய், சொல்லாவிட்டால் அது வரலாறு. காலையிலிருந்து மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன், அது ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிகிறது. மாட்டிக்கொள்ளாமலே இருந்துவிடுவேன் என்கிற பயம் வேறு மாதிரி இருக்கிறது. அறுபது வயதில், எழுபது வயதில், அதே சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல், நல்ல பொம்பளை என்று பேர் வாங்கிக்கொண்டு. அந்த ஆட்டோக்காரன் எங்கேயாவது அப்படி இருப்பானா? அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. நீ தப்பு பண்ணல செசிலி, நான்தான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்கள் வாசலில் வந்து அவன் சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கவுன்சிலர் பதவி வந்திருக்காது. ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்காமல் இருந்திருக்கும். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறேனே, அது ஆகும். ஆனால் வளர்மதி. வளர்மதியின் மாமியார். துணி மடிக்கிற கடை. வளர்மதிக்கு ஒன்றும் தெரியாதே, அந்தப் பெண் என்ன பாவம் செய்தது, என் மனசாட்சிக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும். ஒன்று பத்து. ஒன்று பதினொன்று. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நாற்காலிகள் உருளுகின்றன, யாரோ ஏப்பம் விடுகிறார்கள். வளையல் சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஏ கேட்பாள். பிறகு பி கேட்பாள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது, பதினோரு வருஷமாக நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

"ஏ?" என்றாள்.

"ஒண்ணு மேல."

கூடத்தில் மற்ற ஜோடிகளும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரஷீத் சார் கடைசி மேஜையில் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் எண்பத்திரண்டு வயதுக்காரரின் எழுத்து திரையில் அப்படியே இருந்தது.

"பி?"

சளி பிடித்த குரல்தான்.

"அஞ்சு மேல, வளரு."

என்னக்கா சொல்றீங்க என்று கத்துவாள், எல்லாரும் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்து தடுப்புக்கு மேலே முகத்தைக் காட்டினாள். அவள் கண்ணில் அதிர்ச்சியே இல்லை. அழுது முடித்த முகமாக இருந்தது, எப்போது அழுதாள் என்று தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்க்கா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். ஏழாம் பக்கம் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு தெனமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க ஒண்ணுன்னீங்க. நானும் ஒண்ணுன்னே போட்டேன்."

ஜீரோ மிஸ்மாட்ச். நான் பத்து இருபதிலிருந்து பயந்தேன், அவள் மூன்று நாளாகப் பயந்திருக்கிறாள், அதிலும் இருவரும் ஒத்துப்போயிருக்கிறோம், ஒரு சிவப்பும் விழவில்லை. அவள் கை தடுப்பின் விளிம்பில் இருந்தது. தொட்டேன். என்னுடையதைவிடச் சில்லிட்டிருந்தது. பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை, இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. ஒன்று பதினாறு.

"ரஷீத் சார்" என்று கூப்பிட்டேன். குரல் உடைந்து வந்தது, இரண்டாம் தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்தார். வளர்மதி உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். நானும் எழுந்து நின்றேன்.